கேஸ் போடுவதற்கு முன் ஒரு தெர்மாமீட்டர்

கார் ஏசி சரியாகக் குளிரவில்லை என்று எந்தப் பட்டறையில் போய்ச் சொன்னாலும், முதலில் வரும் பதில் "கேஸ் கம்மியா இருக்கும் சார், போட்டுடலாம்" என்பதுதான். பானெட்டைத் திறக்கும் முன்பே இந்தத் தீர்ப்பு வந்துவிடும். காய்ச்சல் என்றதும் காரணம் பார்க்காமல் ஊசி போடுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை என்பது என் கட்சி.

பெட்ரோலைப் போல ஏசி கேஸ் செலவாகித் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய், கம்ப்ரஸர் சீல் வழியாகப் பல வருடங்களில் கொஞ்சம் கசிவது இயல்பு. வருடா வருடம் போட வேண்டியிருந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள்.

என் அத்தானின் காரில் வலது பக்கம் ஜில்லென்றும், அக்கா உட்காரும் இடது பக்கம் வெதுவெதுப்பாகவும் காற்று வந்தது. இரண்டு கோடையில் ஒரே பட்டறையில் மூன்று முறை கேஸ் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் சில வாரம் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதைதான். வெயில் ஒத்துக்கொள்ளாத அக்கா ஊர்க் கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். கடைசியில் வேறொருவர் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தார். கண்டென்சர் இணைப்பில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தது. அவ்வளவுதான்.

ஒரு பக்கம் மட்டும் ஏன் குளிர்ந்தது? கேஸ் குறைந்தால், கூலிங் காயிலுக்குள் நுழைந்த இடத்திலேயே அது முழுவதும் ஆவியாகிவிடும். காயிலின் அந்தப் பகுதி குளிரும், மீதி குளிராது. எந்தப் பகுதி வழியாகக் காற்று வருகிறதோ, அதற்கேற்பக் குளிர் மாறும்.

ஆனால் எல்லாக் கோளாறும் கேஸ் கோளாறு அல்ல. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் சூடானால், கண்டென்சர் ஃபேனையும் அதில் படிந்த அழுக்கையும் பாருங்கள். எல்லா வென்டிலும் காற்றே குறைவாக வந்தால், கேபின் ஃபில்டர் அடைத்திருக்கலாம். முதலில் நன்றாக வந்து, அரைமணியில் காற்று குறைந்து, சற்று நேரம் அணைத்துப் போட்டதும் சரியானால், காயிலில் ஐஸ் பிடிக்கிறது. இரு பக்கத்துக்கும் தனித்தனிக் குளிர் வைக்கும் வசதியுள்ள கார் என்றால், உள்ளே கதவை நகர்த்தும் சின்ன மோட்டார் பழுதாகியிருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றைக் கேஸ் தீர்க்காது.

கம்பி முனையுள்ள சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். காரைத் திறந்த வெளியில் நிழலில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடவே கூடாது, புகை உயிருக்கு ஆபத்து. குளிரை முழுதாக வைத்து, உள்காற்றே சுற்றும்படி விட்டு, பத்து நிமிடம் கழித்து நான்கு வென்டிலும் அளந்து எழுதுங்கள். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் பெரிதில்லை. எட்டு, பத்து என்றால் அந்தச் சீட்டோடு பட்டறைக்குப் போங்கள். சீட்டைப் பார்த்ததும் பேச்சே மாறும்.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கசிவைத் தேட நேரம் பிடிக்கும். ஓட்டை கூலிங் காயிலில் என்றால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். கேஸுக்குப் பேசாமல் பணம் கொடுப்பவர்கள், சோதனைக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். கண்டுபிடிப்பதும் வேலைதான், அதற்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. பெரும்பாலான நம் கார்களில் இருக்கும் ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது. இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016இல் கிகாலியில் நாடுகள் உடன்பட்டன. ஓட்டைக் குழாயில் மறுபடி மறுபடி கேஸ் ஏற்றினால், நம் பணம் மட்டுமா காற்றில் போகிறது?

அடுத்த முறை "போட்டுடலாம் சார்" என்றால், "எங்கே போச்சுன்னு முதல்ல காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள்.