சாலைத் திருவிளையாடல்கள்

1995-ஆம் ஆண்டில் பென், டெல்லர் என்ற அமெரிக்க ஜாலவித்தைக்காரர்கள் இருவரின் பெயரால் ஒரு வீடியோ விளையாட்டுத் தொகுப்பு தயாராயிற்று. அதில் ஒன்றுக்குப் 'பாலைவனப் பஸ்' என்று பொருள்படும் பெயர். டூசான் நகரிலிருந்து லாஸ் வேகாஸ் வரை ஒரு காலிப் பஸ்ஸை ஓட்டிச் செல்லவேண்டும். விளையாட்டிலும் அதற்குச் சுமார் எட்டு மணி நேரம் ஆகும். பஸ்ஸோ சதா வலப்புறமாகவே ஒதுங்கும். ஆகையால் கையை எடுக்க முடியாது. போய்ச் சேர்ந்தால் கிடைக்கும் பரிசு, ஒரே ஒரு புள்ளி! தொகுப்பு கடைக்கு வராமலே போயிற்று.

"இதில் என்ன அதிசயம்?" என்று நம் திருநெல்வேலிச் சீமை நேயர்கள் கேட்பார்கள். ஆடி மாதத்தில் வள்ளியூரிலிருந்து ராதாபுரம் வழியாகக் கூடங்குளத்துக்கு ஸ்கூட்டரில் போகிறவருக்கு இந்த அநுபவம் இனாமாகவே கிடைக்கிறது. மேல்காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். போய்ச் சேர்ந்தால் அந்த ஒரு புள்ளிகூட இல்லை.

ஆகவே, விளையாட்டுத் தயாரிக்கும் கனவான்களுக்குச் சில யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம்.

முதலாவது, இறக்கைப் படலம். ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளமுள்ள காற்றாலை இறக்கையை ஏற்றிய லாரி, கிராமத்து முக்கில் திரும்புகிறது. பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்காமல் பொறுமை காக்கவேண்டும். அடித்தால், ஒவ்வோர் அடிக்கும் லாரி ஒரு முழம் பின்னால் வரும்.

இரண்டாவது, ஒளிப் படலம். எதிரே வரும் வண்டிகள் எவையும் முகவிளக்கைத் தாழ்த்துவதில்லை. இதில் கண்ணை மூடிக்கொண்டும் விளையாடலாம். திறந்தாலும் தெரியப்போவது அவ்வளவுதான்.

மூன்றாவது, வெள்ளாட்டுப் படலம். மந்தையில் முக்கால் பங்கு சாலையைக் கடந்துவிடும். மிச்சத்துக்காக நாம் காத்திருக்கையில், கடந்தவை திரும்பி வரும்.

நான்காவது, சுங்கப் படலம். உள்ளவற்றில் குட்டையான வரிசையைத் தேடிப் பிடிக்கவேண்டும். பிடித்த மாத்திரத்தில், முன்னால் நிற்பவரின் பாஸ்டேக்கில் பணம் இராது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விசேஷத்தை நேயர்கள் கவனித்திருக்கலாம். ஓட்டுகிறவர் உத்தமர், குற்றமெல்லாம் அடுத்தவருடையது!

1981-இல் கொனாமி என்ற ஜப்பானியக் கம்பெனி 'பிராகர்' என்ற விளையாட்டைத் தயாரித்தது. அதில் ஆடுகிறவர் வண்டியோட்டி அல்ல. வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடக்கும் தவளை. நமது கடைசி யோசனைக்கு அதுவே வழிகாட்டி. முதற் கட்டத்தில் ஒருவர் தம் இஷ்டப்படி கார் ஓட்டலாம். இரண்டாம் கட்டத்தில் அவரே தண்ணீர்க் குடத்துடன் சாலையைக் கடக்கும் கிழவியாகிவிடுவார். எதிரே வரும் வண்டிகள் எல்லாம், முதற் கட்டத்தில் அவர் எப்படி ஓட்டினாரோ அப்படியே வரும்!

2022-ஆம் ஆண்டில் நம் தேசத்துச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சர்க்கார் கணக்கு. அவ்வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாட்டுக்கே முதலிடம்.

விளையாட்டில் ஒரு தவளை நசுங்கினால் இன்னொரு தவளை வந்து நிற்கும். கிழவி விஷயத்தில் அப்படி ஏற்பாடு ஒன்றும் இல்லை.