மழை லீவுக்கு ஒரு புத்தகம்



ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் நெமிலிச்சேரியில் பிள்ளைகள் அலாரம் இல்லாமலே எழுந்துவிடுகிறார்கள். பாடம் படிக்க அல்ல. 'பள்ளிகளுக்கு விடுமுறை' என்று செய்தி வருகிறதா என்று பார்க்கத்தான்! இதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சென்னைக்கு விடுமுறை என்று முதலில் வரும். நாங்கள் இருப்பதோ திருவள்ளூர் மாவட்டம். நம் மாவட்டத்தின் பெயர் வரும்வரை ஒரு காலில் மட்டும் ஷூவை மாட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

சரி, லீவு கிடைத்துவிட்டது. அப்புறம்? வெளியே போக முடியாது. காலி மனைகளில் எல்லாம் தண்ணீர், தவளைச் சத்தம். கரண்ட் போனால் டி.வி. இல்லை. சார்ஜ் தீர்ந்தால் செல்போனும் இல்லை.

அப்படி ஒரு நாளில்தான் பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பையன் வந்தான். "தாத்தா, கதைப் புத்தகம் ஏதாவது இருக்கா?" நான் காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யை எடுத்துக் கொடுத்தேன். பையனின் முகம் சுருங்கிவிட்டது. "இது பரீட்சைக்கு வர்ற மாதிரி இருக்கே!" என்று முனகியபடி வாங்கிப் போனான்.

ஒரு மணி நேரத்தில் குடையுடன் ஓடி வந்தான். "தாத்தா, காந்தி திருடினாரா?"

ஆமாம்! அண்ணனின் காப்பிலிருந்து ஒரு துண்டுத் தங்கத்தை எடுத்தார். அப்போது அவருக்கு வயது 15. பிறகு மனம் கேட்காமல், நடந்ததை எழுதி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அடிக்கவில்லை. கண்ணீர் விட்டார். இன்னொரு நாள், பள்ளி ஆய்வாளர் வந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னபோது 'கெட்டில்' என்ற சொல்லைக் காந்தி தப்பாக எழுதினார். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும்படி ஆசிரியரே ஷூ முனையால் இடித்து ஜாடை காட்டினார். அவருக்கு அது புரியவே இல்லை!

"இதெல்லாம் ஏன் எங்க பாடத்துல இல்லை?" என்று கேட்டான் பையன். நல்ல கேள்வி. பிறந்த ஆண்டு, ஊர், சாதனை என்று ஐந்து மதிப்பெண்ணுக்குள் அடங்கும் பெரிய மனிதர்கள் பிறக்கும்போதே பெரிய மனிதர்களாகத் தெரிகிறார்கள். அவர்களே எழுதிய தன்வரலாற்றில்தான் பயம், தப்பு, அவமானம் எல்லாம் வருகிறது. எட்டாவது வயதிலும் பத்தாவது வயதிலும் படிக்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

பையனின் அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. "அரையாண்டுப் பரீட்சை வருது, இப்ப இது எதுக்கு?" என்றார். அவர் கவலை நியாயமானதுதான். ஆனால் ஒரு மழை நாளில் நாற்பது பக்கம் படிப்பதால் எந்தப் பரீட்சையும் கெட்டுப்போகாது.

அடுத்த லீவில் அப்துல் கலாமின் 'அக்கினிச் சிறகுகள்'. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது. ஓடும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்கள். அவற்றைச் சேகரிக்க உறவினருக்கு உதவிய சிறுவன்தான் கலாம். நாள் முழுவதும் ரயில் சத்தம் கேட்கும் எங்கள் ஊரில் இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. என் பிரதியைப் பழைய மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். 1985-ல் தீயில் அழிந்த அந்த மார்க்கெட் இருந்த இடத்தில்தான் இப்போது நம் மின்சார ரயில்கள் போய் நிற்கின்றன. தீக்குத் தப்பிய புத்தகம், 2015 டிசம்பர் மழைக்குத் தப்பவில்லை. கீழ்த்தட்டில் வைத்தது என் தப்பு. பக்கங்களுக்கு நடுவே தாள் வைத்து மின்விசிறிக் காற்றில் உலர்த்தினேன். இன்றும் அது பொரித்த அப்பளம் போல உப்பித்தான் இருக்கிறது.

உ.வே.சா. இதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 84. நீங்கள் இந்தப் பக்கத்துக்காகக் காத்திருப்பது போல, 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் அதற்காகக் காத்திருந்தார்கள். ஓலைச்சுவடி தேடி அவர் ஊர் ஊராக அலைந்ததும், ஓர் ஊரில் பழைய ஏடுகளை ஓமத் தீயில் போட்டுவிட்டதாகக் கேட்டுத் துடித்ததும் அதில் உண்டு. 1942 ஏப்ரலில் அவர் காலமானார். கதை 1899-ம் ஆண்டை ஒட்டி நின்றுவிட்டது. மீதி நாற்பது ஆண்டுகளை அவர் வாயால் இனி யாரும் கேட்க முடியாது.

இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "எங்க பாட்டி எதையும் எழுதினதே இல்லை" என்றான். அவன் பாட்டிக்கு இந்தப் பக்கம் எது வயல், எது வரப்பு என்று ஒவ்வொரு மனையும் தெரியும். அவரைப் பற்றிப் புத்தகம் போட யாரும் வரப்போவதில்லை.

மறுநாள் மழை விடவில்லை. ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். மூன்று பக்கம் ஆகியிருக்கிறது. எழுத்துப் பிழை நிறைய. தன் வயதை இரண்டு வருடம் கூட்டிப் போட்டுவிட்டான் என்று பாட்டி என்னிடம் வந்து புகார் சொல்கிறார்!