“வீட்டுக்குள்ளேயே இருங்கள்”: ஒரு கட்டளையும் தீயணைப்புப் படை கற்கத் தவறிய பாடமும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப்பற்றினால் குடியிருப்போர் என்ன செய்ய வேண்டும் என்ற வினாவுக்குப் பிரித்தானியத் தீயணைப்புப் படைகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே விடையையே கூறி வந்துள்ளன. தீ உங்கள் வீட்டில் இல்லையெனில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்பதே அவ்விடை. 2017 யூன் 14 ஆம் திகதி அதிகாலை, மேற்கு இலண்டனின் கிரென்பெல் கோபுரத்தில் இந்த விடையை நம்பிக் காத்திருந்தவர்களிற் பலர் உயிருடன் வெளியே வரவில்லை. அத்தீயில் 72 பேர் மாண்டனர். அவர்களில் 18 பேர் சிறுவர்கள். மொரோக்கோ, எரித்திரியா, சூடான், சிரியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அக்கோபுரத்தில் வாழ்ந்தன. தஞ்சம் கோரி வந்தோரும் வாடகை குறைந்த இடம் தேடுவோரும் இத்தகைய உயர்ந்த கட்டடங்களிலேயே பெரும்பாலும் குடியமர்த்தப்படுகின்றனர். ஆகவே இவ்விடயம் எம் வாசகர்களுக்கு அந்நியமானதன்று.

அக்கட்டளை அறிவற்றது எனக் கூறிவிட முடியாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அதன் பின்னணியில் ஒரு தர்க்கம் உண்டு. மாடிக் கட்டடத்தின் ஒவ்வொரு வீடும் தீயைக் குறிப்பிட்ட நேரம் அடைத்து வைத்திருக்கும் ஒரு பெட்டியாக அமைக்கப்படுகிறது. சுவர், தளம், கதவு யாவும் அதற்கேற்ற உறுதியோடு இருக்க வேண்டும். 1962 இல் வெளியான பிரித்தானியக் கட்டட நியமங்கள் இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டவை. தீ ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்க, படையினர் அதற்குக் கீழேயுள்ள தளமொன்றில் நிலைகொள்வர். தளந்தோறும் நீர் கொண்டுசெல்லும் குழாயில் தமது குழாயைப் பொருத்துவர். சுவாசக் கருவி அணிந்து, இருவர் இருவராக உட்புகுந்து தீயை அணைப்பர். இவ்வேளையில் நூற்றுக்கணக்கானோர் ஒடுங்கிய படிக்கட்டில் ஒருமிக்க இறங்கினால் வீரர்களின் வழி அடைபடும். திறந்த கதவுகளூடாகப் புகை பரவும். நெரிசலில் முதியோரும் குழந்தைகளும் வீழ்வர்.

உட்புகுந்து அணைத்தல் என்ற இந்த உத்தியின் வேர் பழையது. 1824 இல் எடின்பரோவில் நகரத் தீயணைப்புப் படையை அமைத்து, 1833 முதல் இலண்டன் படைக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் பிரெய்ட்வுட், வீதியில் நின்று நீர் பாய்ச்சுவதில் பயனில்லை, தீயின் மூலத்தை நெருங்க வேண்டும் என்று போதித்தவர். 1861 இல் டூலி வீதித் தீயில், கடமையில் இருக்கும்போதே சுவர் இடிந்து வீழ்ந்து அவர் மாண்டார். அவர் வகுத்த ஒழுங்கே பல தலைமுறைகளாகப் பயிற்சியாகக் கையளிக்கப்பட்டு வந்தது. மாடித் தீக்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வுத்தியினால் ஒரே வீட்டுக்குள் அடக்கப்பட்டுள்ளன என்பதும் உண்மை.

கிரென்பெல்லில் நடந்தது வேறு. 24 மாடிகளுக்கும் ஒரே படிக்கட்டு. 2016 இல் நிறைவுற்ற புனரமைப்பின்போது கட்டடத்தின் வெளிப்புறத்தை மூடிப் புதிய தகடுகள் பொருத்தப்பட்டன. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளின் நடுவே பொலித்தீன் வகைப் பொருள் அடைக்கப்பட்டவை அவை. தீ பிடித்தால் அது எரிபொருள். நள்ளிரவு கடந்து 12.54 மணிக்கு முதல் தொலைபேசி அழைப்பு வந்தது. நான்காம் மாடி வீடொன்றின் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டி இருந்த இடத்திலிருந்து தீ கிளம்பியிருந்தது. சில நிமிடங்களில் வந்து சேர்ந்த வீரர்கள் தாம் பயின்றபடியே உட்புகுந்து சமையலறைத் தீயை அணைத்தனர். ஆனால் அதற்குள் தீ யன்னல் வழியே வெளியேறித் தகடுகளைப் பற்றியிருந்தது. 1.30 மணியளவில் அது கிழக்குப் புறத்தின் உச்சியைத் தொட்டுவிட்டது. பெட்டி என்ற கோட்பாடு அத்துடன் இறந்துவிட்டது. எனினும், உள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை தொடர்ந்தது. கட்டுப்பாட்டு அறை 2.35 மணிக்கே அழைத்தவர்களை வெளியேறுமாறு கூறத் தொடங்கிற்று. களத்தில் அக்கட்டளை முறைப்படி கைவிடப்பட்டபோது மணி 2.47.

2019 ஒக்டோபரில் வெளியான சேர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணைக் குழுவின் முதலாம் கட்ட அறிக்கை வீரர்களின் துணிவைப் பாராட்டியது. புகை நிறைந்த ஒரே படிக்கட்டில், சுவாசக் கருவியின் காற்று தீரும் எல்லை வரை ஏறி உயிர்களை மீட்டவர்கள் அவர்கள். அறிக்கையின் கண்டனம் நிறுவனத்தின் மீதே விழுந்தது. வெளிப்புறத் தகடு எரியும் தீயை எவ்வாறு இனங்காண்பது, முழுக் கட்டடத்தையும் வெறுமையாக்கும் முடிவை எப்போது எடுப்பது என்பன களத் தலைவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. வெளியேற்றுவதற்கான திட்டமும் இருக்கவில்லை. எந்த வீட்டில் எவர் அகப்பட்டுள்ளார் என்று கட்டுப்பாட்டு அறை அறிந்த செய்திகள் படிக்கட்டில் நின்ற வீரர்களை ஒழுங்காகச் சென்றடையவில்லை. 1.30 இற்கும் 1.50 இற்கும் இடையில் வெளியேற்றும் முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும், எடுத்திருந்தால் மரணங்கள் குறைந்திருக்கும் என்பது அறிக்கையின் முடிவு.

இவற்றை முன்கூட்டியே அறிய வாய்ப்பு இல்லையா? இருந்தது. 2009 யூலை 3 ஆம் திகதி தென் இலண்டனின் லக்கனல் ஹவுஸ் என்னும் 14 மாடிக் கட்டடத்தில் தீ பரவி, மூன்று சிறுவர்கள் உட்பட ஆறு பேர் இறந்தனர். அங்கும் தீ வெளிப்புறமாகப் பரவிற்று. அங்கும் அழைத்தவர்களுக்கு உள்ளேயே இருக்கும்படி கூறப்பட்டது. 2013 இல் மரண விசாரணை நிறைவுற்றுப் பரிந்துரைகள் வழங்கப்பட்டன. 2014 இல் மெல்பேர்ணிலும் 2015 இல் டுபாயிலும் உயர்ந்த கட்டடங்களின் வெளிப்புறம் எரிந்ததை உலகமே பார்த்தது. இவ்வாபத்தை இலண்டன் படையிற் சிலர் அறிந்தும் இருந்தனர். ஆனால் அலுவலகத்தில் இருந்த அறிவு நள்ளிரவில் வாகனத்தில் ஏறிச் செல்லும் வீரரைச் சென்றடையவில்லை. 2024 செப்டெம்பர் 4 ஆம் திகதி வெளியான இரண்டாம் கட்ட அறிக்கை இத்தோல்வியைத் தலைமைத்துவத்தினதும் நிர்வாகத்தினதும் நெடுங்காலக் குறைபாடாகவே இனங்கண்டது.

இதனால் முழுப் பழியையும் தீயணைப்புப் படையின் தலையில் ஏற்றிவிடுவதும் நீதியாகாது. எரியக்கூடிய பொருளை நேர்மையற்ற முறையில் விற்ற உற்பத்தியாளர்கள், அதனை அனுமதித்த விதிகள், பல தசாப்தங்களாகக் கண்ணை மூடியிருந்த அரசாங்கங்கள் ஆகியவற்றையும் அதே அறிக்கை கடுமையாகச் சாடுகிறது. 2014 ஜனவரியில் சிக்கனத்தின் பெயரால் இலண்டனில் பத்துத் தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டதையும் மறப்பதற்கில்லை. ஏனையோர் இழைத்த தவறுகளின் கடைசிச் சுமையே நள்ளிரவில் வீரரின் தோளில் வந்து விழுந்தது. இரண்டாம் அறிக்கை வெளியான நாள் வரை, தீக்குப் பொறுப்பாளி எனக் குறிப்பிட்டு எவர் மீதும் குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டிருக்கவில்லை.

இங்கேதான் தொழில்சார் வளர்ச்சி என்ற விடயம் முக்கியம் பெறுகிறது. பதவி உயர்வு வேறு, அறிவு உயர்வு வேறு. கட்டளைக்குக் கீழ்ப்படியப் பழக்கப்பட்ட அமைப்பில், கட்டளை பொருந்தாத வேளையை இனங்காண்பதே மிகக் கடினமான பயிற்சி. கிரென்பெல்லில் அக்கட்டளையைக் கைவிட்ட அதிகாரி அன்டி றோ 2020 இல் இலண்டன் படையின் ஆணையாளரானது அர்த்தமுள்ள நியமனம். அத்தீக்குப் பின்னர், புகையிலிருந்து குடியிருப்போரை மீட்கும் முகக்கவசங்கள் வீரர்களிடம் வழங்கப்பட்டன. முன்னர் 32 மீற்றர் உயரம் எட்டிய ஏணிகளே இருந்த படைக்கு 2021 இல் 64 மீற்றர் ஏணிகள் வந்தன. ஆனால் கருவியை வாங்குவது எளிது. முடிவெடுக்கும் ஆற்றலை வளர்ப்பது அரிது. இங்கிலாந்தின் தேசியத் தீயணைப்புக் கல்லூரி 2013 இல் தனியார் நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. 2024 அறிக்கை சுதந்திரமான கல்லூரியொன்றை அரசு நிறுவ வேண்டும் எனப் பரிந்துரைத்துள்ளமை, இவ்விற்பனையின் மீதான மறைமுகத் தீர்ப்பு என்றே நாம் கருதுகிறோம்.

இன்னுமொன்று. 2022 நவம்பரில் நசீர் அவ்சால் தலைமையில் வெளியான மீளாய்வு, இலண்டன் படை நிறுவன அளவில் இனவாதமும் பெண்வெறுப்பும் கொண்டது எனக் கூறிற்று. இதனைப் படையினரின் உள்விவகாரம் என ஒதுக்கிவிடலாகாது. சிறுபான்மையினத்து இளைஞரும் பெண்களும் அவமதிக்கப்படும் படையில் அவர்கள் நிலைப்பது அரிது. அவர்கள் இல்லாத படை, தான் பாதுகாக்கும் மக்களின் மொழியையும் வீட்டு வழக்கங்களையும் அறியாத படையாகவே இருக்கும். எம் பிள்ளைகள் வைத்தியம், கணக்கியல், பொறியியல் என்ற வட்டத்துக்கு வெளியே இத்தொழிலையும் நோக்கலாம் என்பதைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

புகலிடம் கோரியோருக்கு வேறொரு அச்சம் உண்டு. சீருடை கண்டால் ஒதுங்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை எவரும் எமக்கு விளக்க வேண்டியதில்லை. கிரென்பெல்லிலும் வதிவிட உரிமை இல்லாதோர் முன்வர அஞ்சுவர் என்பதை உணர்ந்த பிரித்தானிய அரசு, 2017 யூலையில் தப்பியோருக்குப் பன்னிரண்டு மாத அனுமதியும், ஒக்டோபரில் நிரந்தர வதிவிடத்துக்கான வழியும் அறிவித்தது. பதிவில்லாதவர்கள் இருந்தமையால், உள்ளே இருந்தோர் எத்தனை பேர் என்பதையே உறுதிப்படுத்த நாட்கள் பல சென்றன. தீயணைப்புப் படை குடிவரவுத் திணைக்களத்தின் கிளை அன்று. வீட்டில் எத்தனை பேர் தங்கியுள்ளனர் என்ற உண்மையை மறைத்தால், தேடப்படாமல் விடப்படுபவர் எமது உறவினரே.

குடியிருப்போரின் கையிலும் சில உரிமைகள் உள்ளன. இங்கிலாந்தில் 2023 ஜனவரி 23 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, பொதுவழி கொண்ட குடியிருப்புக் கட்டடத்துக்குப் பொறுப்பானோர் தீயின்போது செய்ய வேண்டியவற்றைக் குடியிருப்போருக்குத் தெரிவிக்க வேண்டும். 11 மீற்றருக்கு மேற்பட்டவற்றில் பொதுவழிக் கதவுகளை மூன்று மாதத்துக்கொரு முறை பரிசோதிக்க வேண்டும். 18 மீற்றருக்கு மேற்பட்டவற்றில் தள வரைபடங்களைப் படைக்கு வழங்குவதோடு, படிக்கட்டில் தள இலக்கமும் எழுதப்பட வேண்டும். உங்கள் கட்டடத்தின் ஒழுங்கு உள்ளே இருப்பதா, எல்லோரும் வெளியேறுவதா என்பதை எழுத்தில் கேளுங்கள். எல்லாக் கட்டடங்களுக்கும் விடை ஒன்றல்ல. வேறு நாடுகளில் வாழ்வோர் அங்குள்ள ஒழுங்கைக் கேட்டறிய வேண்டும். உங்கள் வீட்டுக்குள் தீயோ புகையோ வெப்பமோ புகுமானால், எந்த ஒழுங்காயினும் வெளியேறுவதே முறை. ஆங்கிலம் பேசும் பிள்ளையே பல வீடுகளில் தொலைபேசியை எடுக்கிறது. மாடி இலக்கம், வீட்டு இலக்கம், உள்ளே இருப்போர் தொகை ஆகிய மூன்றையும் அப்பிள்ளைக்கு இன்றே சொல்லிக் கொடுங்கள்.

கட்டளையை மதிப்பது நாகரிக சமூகத்தின் பண்பு. ஆனால் அக்கட்டளை எந்த நிலைமைக்காக வகுக்கப்பட்டது, அந்நிலைமை இன்னும் நிலவுகிறதா என்று கேட்கும் பொறுப்பு கட்டளையிடுவோருக்கு உண்டு. கிரென்பெல்லில் அக்கேள்வி ஒரு மணி நேரம் தாமதமாகக் கேட்கப்பட்டது. லக்கனல் ஹவுஸிலிருந்து கணக்கிட்டால் அத்தாமதம் எட்டு ஆண்டுகள். அடுத்த தீக்கு முன்னர் அது கேட்கப்படுமா என்பதை, பரிந்துரைக்கப்பட்ட கல்லூரிக்கு அரசு ஒதுக்கும் பணமும், கட்டடச் சொந்தக்காரரிடம் நாம் கேட்கும் கேள்விகளுமே தீர்மானிக்கும்.