கருவி யாருடைய வசம்?

மின்சார மீட்டர், கண்காணிப்புக் காமிரா, வயற்கிணற்று மோட்டாரைத் தூரத்திலிருந்து இயக்கும் பெட்டி ஆகிய யாவற்றினுள்ளும் இன்று ஒரு சிறு சில்லு அமர்ந்து, தனக்கு இடப்பட்ட கட்டளைகளை நிறைவேற்றி வருகிறது. அக்கட்டளைகளாகிய மென்பொருளைப் பற்றி ஜனங்கள் ஓரளவு அறிவர். ஆனால் அம்மென்பொருளை ஆக்கும் கருவிகள் யாருடைய வசம் இருக்கின்றன என்று கேட்போர் மிகச் சிலரே. இது நிபுணர்களின் விவகாரமென்று பொதுஜனங்கள் ஒதுங்கி நிற்பது தகாது என்பது நமது அபிப்பிராயம்.

மனிதன் எழுதும் நிரலைச் சில்லுக்குரிய கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், பிழையைத் தேடிப் பிடிக்கும் டீபக்கர், விற்ற பின்பும் யந்திரத்திற்குப் புது மென்பொருளை அனுப்பும் ஏற்பாடு ஆகியவையே அக்கருவிகள். இவற்றை வைத்திருப்பவனே யந்திரத்தின் உண்மையான சொந்தக்காரன். விலை கொடுத்தவனுக்கு அனுபோக பாத்தியதை மட்டுமே உண்டு. தன்னைத் தவிர வேறு கொல்லன் தொடலாகாது என்ற நிபந்தனையுடன் ஒருவன் ஏர் விற்றால், எந்த உழவன் அதை வாங்குவான்?

கருவி திறந்திருப்பதால் விளையும் நன்மைக்கு ஓர் உதாரணம் கூறுவோம். 2014-இல் ஷாங்காய் நகரத்து எஸ்பிரெஸிப் கம்பெனியின் இஎஸ்பி8266 என்னும் மலிவான வைஃபை சில்லு பிற நாட்டார் கைக்கு வந்தபோது, சீன மொழியிலன்றி அதைப் பற்றிய விவரம் அநேகமாகக் கிடைக்கவில்லை. எனினும், 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டதும், எவரும் படித்துத் திருத்த உரிமை அளிப்பதுமாகிய ஜிசிசி கம்பைலரை ஆர்வலர்கள் அச்சில்லுக்கு இசைய அமைத்துக்கொண்டனர். கம்பெனியாரும் அவ்வாண்டே தங்கள் நிரலாக்கத் தொகுப்பை வெளியிட்டனர். 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் தோன்றிய ஆர்டுயீனோ ஏற்பாட்டுடனும் அது பின்னர் இணைந்தது. இதனால் மாணவனும் கையாளக்கூடிய பொருளாக அச்சில்லு உலகெங்கும் பரவியது.

கருவி எட்டாமற்போனால் நேருவதென்ன? 2015-இல் சீனாவில், ஆப்பிள் கம்பெனியின் எக்ஸ்கோட் என்னும் கருவியை நேர்வழியில் இறக்கிக்கொள்ள வெகுநேரம் பிடித்தமையால், பலர் வேறிடங்களில் கிடைத்த பிரதிகளை நாடினர். அப்பிரதிகளில் எவரோ விஷம் கலந்திருந்தனர். நல்லெண்ணத்துடன் எழுதிய கைப்பேசிச் செயலிகளும் எழுதியவர் அறியாமலே கேடுற்று வெளிவந்தன. 2016-இல் மிராய் என்னும் நச்சுநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல் மாறாதிருந்த காமிராக்களைக் கைப்பற்றி, அக்டோபர் 21ஆம் தேதி அமெரிக்காவின் டைன் கம்பெனியைத் தாக்கிற்று. பிரபல வலைத்தளங்கள் பல ஸ்தம்பித்தன. அக்காமிராக்களுள் சிலவற்றில் கடவுச்சொல்லை மாற்றும் மார்க்கமே உடையவருக்கு இருக்கவில்லை.

ரகசியமே பாதுகாப்பு என்று வாதிப்போர் உளர். பூட்டின் சாவி ரகசியமாயிருத்தல் நியாயம். பூட்டுச் செய்யும் வித்தையையும் ரகசியமாக்குவது வியாபார லாபத்திற்கேயன்றி வீட்டுக்காரனின் க்ஷேமத்திற்கன்று.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்புத் திருத்தங்கள் எவ்வளவு காலம் வழங்கப்படும் என்பதை உற்பத்தியாளர் வெளியிட்டே ஆகவேண்டும். ஐரோப்பிய யூனியனின் சட்டத்தில் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் அமுலாகும். நம் நாட்டிலும் சாதனங்கள் இல்லாமல் இல்லை. பெர்க்லியில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைக் கொண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்னும் சில்லு உருவாயிற்று. அத்தொகுதிக்கு ஜிசிசி 2017 முதலே துணை நிற்கிறது. சில்லும் கருவியும் நம் கைக்கு எட்டியிருக்க, மூடிய பெட்டிகளை வாங்கி அடுக்குவது விவேகமாகுமா?

ஆகவே சர்க்காரை நாம் வற்புறுத்துவது இது: பொதுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு யந்திரத்திற்கும் அதன் மூலநிரலையும், அதை மீண்டும் ஆக்கும் கருவிகளையும் முறையையும் ஒப்படைக்கும்படி ஒப்பந்தத்திலேயே ஷரத்து சேர்க்க வேண்டும். ஆதரவை நிறுத்தும் கம்பெனி அவற்றை வாங்கியோர் அனைவருக்கும் திறந்துவிடக் கடமைப்பட வேண்டும். கல்லூரிகளும் யந்திரத்தை இயக்கக் கற்பிப்பதோடு நில்லாமல், கம்பைலரைத் திறந்து பார்க்கவும் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டும். இக்கோரிக்கைகளை ஜனப்பிரதிநிதிகள் சட்டசபையில் எழுப்புமாறு செய்வது பிரஜைகளின் பொறுப்பு.