பந்தல் போட நிலம் வேண்டும்

வன்னியில் காணி செய்து, யுத்தத்தில் அதை இழந்து, மீண்டும் தோட்டத்து லயங்களுக்கே வந்து சேர்ந்த குடும்பங்களில் சிலர், இங்கே திராட்சை நடலாமா என்று எம்மிடம் கேட்கின்றனர். வேண்டாம் என்றே சொல்லுகிறோம். தேயிலையைப் போல் திராட்சைக்கும் கவாத்து உண்டு. ஆனால் கவாத்துக்குப் பின் அதற்கு வெயில் வேண்டும். ஹட்டன் மழையிலும் நுவரெலியாப் பனிமூட்டத்திலும் இலையில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

யாழ்ப்பாணத்துச் செம்மண் வேறு. அங்கே முந்திரிகை என்பார்கள். தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைதாசர் சபைத் துறவிகள் முந்திரிகை இரசத்துக்குப் பெயர் பெற்றவர்கள். (குருவானவர் மதுவைப் பற்றி எழுதலாமா என்று முகம் சுளிக்க வேண்டாம். பீடத்தில் வைக்கும் இரசம் வேறு, சம்பள நாளில் வீட்டை அழிக்கும் சாராயம் வேறு.) 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அத்துறவிகளும் வெளியேற நேர்ந்தது. ஆச்சிரமம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. பந்தலைச் சுருட்டிக்கொண்டு ஓட முடியுமா?

மிளகாயும் வெங்காயமும் சில மாதப் பயிர். முந்திரிகையோ நட்டு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பிறகு பல ஆண்டு காய்க்கும். நட்டவனே அங்கு இருப்பான் என்ற உறுதி இல்லாமல் எவன் நடுவான்?

நட்டவன் உழைத்தும் நிலம் பிறருடையதானால் என்ன நடக்கும் என்பதற்கு அல்ஜீரியா சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு சிறு பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்தது. பிரெஞ்சுக் குடியேறிகள் அல்ஜீரியாவின் மஸ்காரா, மெதேயா மேட்டுநிலங்களில் கொடிகளைப் பரப்பினர். ஏறத்தாழ அதே காலத்தில்தான் இங்கே, 1869இல் கண்ட இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து, மலையெங்கும் தேயிலை ஏறியது. மது அருந்தாத முஸ்லிம் மக்கள் அங்கே பிறர் குடிக்கும் மதுவுக்காகக் கூலிக்கு உழைத்தார்கள். 1962இல் சுதந்திரம் வந்தது, குடியேறிகள் போனார்கள். பிரான்ஸ் வாங்குவதை நிறுத்தியதும் 1970களில் பெருமளவு கொடிகளைப் பிடுங்கிவிட்டுத் தானியம் விதைத்தனர். பிடுங்கவாவது நிலம் அவர்கள் கையில் இருந்தது.

எமது மக்களுக்கு? 2015க்குப் பின் தோட்டங்களில் தனிவீட்டுக்கென 7 பேர்ச் காணி கிடைக்கத் தொடங்கியது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வீடும் படியும் போக எஞ்சுவது ஒரு கீரைப் பாத்தி. வீட்டுக்காணி வேறு, விவசாயக் காணி வேறு. பத்திரம் இல்லாத நிலத்தில் நீண்டகாலப் பயிர் நடச் சொல்லும் திட்டம் எதையும், அது திருச்சபை நிறுவனத்தினுடையதே ஆயினும், நாம் ஏற்பதில்லை.

ஆகவே கன்று கேட்டு வருவோரிடம் காணிப் பத்திரம் உண்டா என்றே முதலில் கேட்கிறோம். கோபிக்க வேண்டாம். இல்லாதோருக்கு இப்போதைக்கு லீக்ஸ், கரட் விதை தருகிறோம். காணிக்காகப் பிரதேச செயலகத்துக்குப் போகும் நாளில் கூடவே வருகிறோம்.