மணம் வந்த வழி

அண்மையில் சத்துவாச்சாரியில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்குச் சென்றிருந்தேன். கீழ்த்தளத்தில் தம் போட்ட பிரியாணியின் மணம், மாடியில் குளிர்காற்றோடு கலந்து எங்கள் தலைமேல் இறங்கியது. பசித்திருந்தவர்கள் மகிழ்ந்தனர். எனக்கோ, மணம் வந்த வழியில் புகையும் வருமே என்ற கவலை எழுந்தது.

கொல்கத்தாவின் ஆம்ரி மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 அதிகாலையில் அதுதான் நேர்ந்தது. தீப்பிடித்தது நிலவறையில். மேல்மாடி நோயாளிகளில் பெரும்பாலோரைத் தீ தொடவேயில்லை. குளிர்காற்றுக் குழாய்கள் வழியாகவும் ஏறிய புகைதான் மூச்சை அடைத்தது. ஏறத்தாழ 90 உயிர்கள் போயின.

இக்குழாய்களுக்கென்றே புகை உணர்கருவி உண்டு. துளையிட்ட மெல்லிய குழலொன்றைப் பெரிய குழாயின் குறுக்கே செருகிவிடுவர். ஓடும் காற்றில் சிறிது அதன் வழியே கருவிக்குள் செல்லும். புகை கலந்திருந்தால் கருவி விசிறியை நிறுத்தி, புகை பரவாமல் தடுக்கும். ஆனால் விசிறி ஓடாத வேளையில் கருவிக்குக் காற்றே எட்டாது. எனவே அறைகளிலும் தனிக்கருவிகள் வேண்டும்.

நம் ஊர்ப் புழுதி இதற்குப் பெரும்பகை. துளை அடைத்தால் கருவி உணர்விழக்கும். உள்ளே தூசி படிந்தால் வீணாக அலறும். ஆண்டுக்கொருமுறையேனும் குழலைத் துடைத்து, சோதனைப் புகை செலுத்தி, விசிறி நிற்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

மண்டபப் பொறுப்பாளரிடம் விசாரித்தேன். “கருவி இருக்கிறது, ஹஜ்ரத். போட்ட நாளிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை, சத்தமே வந்ததில்லை” என்றார் பெருமையுடன்.