கடிகாரம் சொல்லித் தரும் கழித்தல்

ஓசூர் சிப்காட் பக்கம், கணவர் ஷிப்டு வேலைக்குப் போகும் வீடுகளில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் பெரும்பாலும் அம்மா தலையில்தான். "பின்னக் கணக்குன்னாலே வயித்தைக் கலக்குது, அக்கா" என்று என்னிடம் குறைப்படும் இளம் தாய்மார்கள் பலர். அதிலும் பகுதி எண்கள் வேறு வேறாக உள்ள கலப்பு பின்னக் கழித்தல் என்றால் கேட்கவே வேண்டாம்!

ஆனால் சகோதரிகளே, இது நாம் அடுப்படியில் தினமும் போடும் கணக்குதான். இரண்டரை லிட்டர் பாலில் முக்கால் லிட்டரை உறை ஊற்றினால் மீதி? ஒண்ணே முக்கால் என்று உடனே சொல்லிவிடுவோம். அரையை இரண்டு காலாகவும், ஒரு முழுசை நாலு காலாகவும் மனசுக்குள்ளேயே உடைத்துக்கொள்கிறோம். துண்டுகளை ஒரே அளவாக்கிவிட்டுக் கழிப்பது, சூட்சுமம் அவ்வளவுதான்.

நம் பழைய எண்சுவடிக் கணக்கிலும் இதுதான் வழி. முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. அரைக்கு 160 முந்திரி, காலுக்கு 80, அரைக்காலுக்கு 40, ஒரு மாவுக்கு 16. ஆனால் 320-ஐ மூன்றால் மீதியில்லாமல் வகுக்க முடியாது. பள்ளிக்கூடக் கணக்கிலோ மூன்றில் ஒரு பங்கு அடிக்கடி வருகிறது. என்ன செய்யலாம்? கடிகாரத்தைத் துணைக்குக் கூப்பிடுங்கள். டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை இருக்கும் ஊராயிற்றே எங்கள் ஓசூர்!

3¼-லிருந்து 1⅔-ஐக் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோலமாவால் தரையில் நாலு வட்டம் போடுங்கள். ஒவ்வொன்றையும் கடிகாரம் மாதிரி 12 துண்டாகப் பிரியுங்கள். மூன்று வட்டங்களை முழுசாக நிரப்புங்கள். நாலாவதில் கால் பங்கு, அதாவது 12-லிருந்து 3 வரை, 3 துண்டு மட்டும் நிரப்புங்கள். கழிக்க வேண்டிய ⅔ என்பது 12-லிருந்து 8 வரை, 8 துண்டு.

மூணில் எட்டு போகாதே? ஒரு முழு வட்டத்தை உடையுங்கள். 12-ம் 3-ம் சேர்ந்து 15 துண்டு; முழு வட்டம் 2 மீதி. 15-ல் 8 போனால் 7. 2-ல் 1 போனால் 1. விடை, ஒன்றும் பன்னிரண்டில் ஏழு பங்கும்.

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். 'கடன் வாங்கினால் பத்து' என்ற பழக்கத்தில் பிள்ளை 13 என்று போடும். அல்லது எட்டிலிருந்து மூணைக் கழித்துவிடும். திட்டாதீர்கள். "வட்டத்தை உடைச்சா எத்தனை துண்டுடா கண்ணு?" என்று கேளுங்கள். எண்ணிப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும்.

விடை சரிதானா என்று மணிக்கணக்கில் பாருங்களேன். 3 மணி 15 நிமிடத்தில் 1 மணி 40 நிமிடம் போனால் மீதி 1 மணி 35 நிமிடம். ஒரு துண்டு 5 நிமிடம். 7 துண்டுக்கு 35. சரியாக வருகிறதல்லவா?

ஐந்தில் ஒரு பங்கு வந்தால் 60 நிமிடக் கோடுகள் கைகொடுக்கும். ஏழில் ஒரு பங்கும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்து வந்தால், குறுக்கே 7, நெடுக்கே 3 என்று கட்டம் போடுங்கள்; 21 சம கட்டங்கள் கிடைக்கும்.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். "எனக்குக் கணக்கே வராது" என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். பாலையும் மாவையும் பிசகாமல் அளக்கிற கைக்குக் கணக்கு வராமலா போகும்?